பாலேடு போலப் படிந்ததா கண்டம்? பார்பர்டன் பாறைகளை வைத்து ஒரு பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடத்தும் அக்கா ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது. விடுமுறையில் வகுப்புப் பிள்ளைகளைப் பார்பர்டன் மலைப்பக்கம் அழைத்துப் போயிருக்கிறார். அங்கே 350 கோடி ஆண்டுப் பழைய பாறை என்று பலகையில் எழுதியிருந்ததாம். "பூமி முதலில் கொதிக்கும் குழம்பாக இருந்தது. ஆறும்போது பாலில் ஏடு படிவதுபோல மேலே ஓடு படிந்தது. அதுதான் கண்டம்" என்று பிள்ளைகளுக்கு விளக்கியிருக்கிறார். உடனே ஒரு பையன், "ஏடு பால் முழுக்கத்தானே மூடும் டீச்சர், கண்டம் மட்டும் ஏன் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறது?" என்று கேட்டுவிட்டான். "350 கோடி என்று யார் எண்ணிப் பார்த்தது?" என்பது அவனுடைய இரண்டாவது கேள்வி.

அக்கா, அந்தப் பையனை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். நிலவியல் பேராசிரியர்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கும் இடத்தில் நேராகக் கை வைத்திருக்கிறான். நான் சேலத்தில் பிறந்தவன். பதினெட்டு வருடமாக ஜோகன்னஸ்பர்க் பக்கம் சுரங்க நிலவியல் வேலை பார்க்கிறேன். பார்பர்டன் மலைகளில் நிறைய நடந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் சுருக்கமான விடை. ஏடு படிந்தது சரிதான், ஆனால் அந்த ஏடு கண்டம் கிடையாது. ஏடாகப் படிந்தது பசால்ட் என்ற கறுத்த, கனமான பாறை. அந்தப் பசால்ட்டைத் தண்ணீரோடு சேர்த்து மறுபடியும் அடுப்பில் ஏற்றியபோது வடிந்து வந்த சாறுதான் கண்டம். அந்தச் சாற்றையும் இன்னொரு முறை காய்ச்ச வேண்டியிருந்தது. அதனால்தான் எல்லா இடத்திலும் இல்லை. எங்கெங்கே சமையல் நடந்ததோ அங்கங்கே மட்டும் இருக்கிறது.

இப்போது விரிவாகப் பார்ப்போம். பூமிக்கு இரண்டு வகை மேலோடு உண்டு. கடலுக்கு அடியில் இருப்பது மெல்லியது, ஏறக்குறைய 7 கிலோமீட்டர், எல்லாம் பசால்ட் வகை. கண்டங்களுக்கு அடியில் இருப்பது தடித்தது, சராசரியாக 35 முதல் 40 கிலோமீட்டர், மேற்பகுதி கிரானைட் வகை. கண்டப் பாறை தண்ணீரைப்போல் 2.7 மடங்கு கனம். பசால்ட் ஏறக்குறைய 3 மடங்கு. இரண்டுக்கும் கீழே இருக்கும் கவசப் பாறை 3.3 மடங்கு. வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் பூமியின் சரித்திரமே இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் இருக்கிறது. கடலடிப் பாறை ஆறி இறுகியதும் கனத்துப்போய்த் திரும்பக் கீழே அமிழ்ந்துவிடுகிறது. இன்றைய பெருங்கடல்களின் தரையில் 20 கோடி ஆண்டுக்கு மேல் பழையது கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சவில்லை. கண்டப் பாறை லேசானது, அமிழ மறுக்கிறது. அதனால்தான் 350 கோடி ஆண்டுப் பாறை உங்கள் பிள்ளைகளின் காலுக்கடியில் கிடந்தது.

நீங்கள் பார்த்த பச்சை மலைகளுக்கு வருகிறேன். பார்பர்டன் மகோஞ்ஜ்வா மலைகளை 2018-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்த மலைகளின் பாறைகள் 360 கோடி முதல் 325 கோடி ஆண்டுகள் வரை பழையவை. அவற்றில் பெரும்பகுதி எரிமலைக் குழம்பு, அதுவும் கடலுக்கு அடியில் கக்கியது. சாலையோரத்தில் தலையணைகளை அடுக்கியதுபோல உருண்டை உருண்டையாகப் பாறை தெரிந்திருக்குமே, அது தண்ணீருக்குள் பிதுங்கி வந்த குழம்பு, மேல்பரப்பு சட்டென்று உறைந்ததால் வந்த வடிவம். இன்றைக்கும் கடலுக்கடியில் எரிமலை வெடித்தால் அப்படித்தான் உறைகிறது. ஆக, அந்தக் காலத்திலேயே கடல் இருந்தது. இந்தச் செய்தியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்தக் குழம்புகளில் ஒன்றுக்குப் பெயரே இந்த ஊர் தந்ததுதான். கோமாட்டி ஆற்றுப் பக்கத்தில் மாரிஸ் ஃபில்யூன், ரிச்சர்ட் ஃபில்யூன் என்ற இரட்டைச் சகோதரர்கள் ஆராய்ந்து, 1969-இல் கோமாட்டியைட் என்று பெயரிட்டார்கள். ஹவாயில் இன்று ஓடும் பசால்ட் குழம்பு 1,200 டிகிரி அளவில் வெளிவருகிறது. கோமாட்டியைட் 1,600 டிகிரியை நெருங்கியது. மக்னீசியம் மிகுந்த இந்தக் குழம்பு தண்ணீர்போல ஓடியிருக்கும். உறையும்போது புல் இதழ்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டதுபோல நீள நீளமான படிகங்கள் வளர்ந்தன. கையில் எடுத்துப் பார்த்தால் பாறைக்குள் கோரைப்புல் முளைத்ததுபோல இருக்கும். இவ்வளவு சூடான குழம்பு இன்று எங்குமே வருவதில்லை. அன்றைய பூமிக்குள் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் போன்ற கதிரியக்கத் தனிமங்கள் உண்டாக்கிய வெப்பம் இன்றைக்கு உள்ளதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். கவசமும் அதற்கேற்ப அதிகச் சூடு.

பார்பர்டனுக்கு வருபவர்கள் எல்லாரும் இந்தப் பச்சை மலைகளைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். ஆனால் அந்தப் பையனுடைய கேள்விக்கு விடை மலையில் இல்லை, மலையிலிருந்து கீழே பார்த்தால் தெரியும் அகன்ற பள்ளத்தாக்கில் இருக்கிறது. பார்பர்டன் ஊரே அந்தக் காப் பள்ளத்தாக்கின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. பள்ளத்தாக்கின் தரை முழுக்க டோனலைட் என்ற பாறை. ஏறக்குறைய 323 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கீழிருந்து குழம்பாக ஏறி வந்து, மேற்பரப்பை எட்டாமல் உள்ளேயே நிதானமாக இறுகியது. மலைகளில் உள்ள பச்சை நிற எரிமலைப் பாறையைவிட இது எளிதில் உளுத்துப்போகும் என்பதால் காலப்போக்கில் தேய்ந்து பள்ளமாகிவிட்டது. மலையாக நிற்பது பழைய கடலடி. பள்ளமாகக் கிடப்பது கண்டம். பார்வைக்கு எல்லாமே தலைகீழ்.

தூரத்திலிருந்து பார்த்தால் டோனலைட் சாதாரணக் கருங்கல் மாதிரிதான் இருக்கும். வெள்ளை ஃபெல்ட்ஸ்பார், கண்ணாடிபோன்ற குவார்ட்ஸ், நடுவே கறுப்புப் புள்ளிகளாக ஹார்ன்பிளெண்ட். ஆனால் இதில் சோடியம் அதிகம், பொட்டாசியம் குறைவு. நம் ஊர்களில் மெருகேற்றித் தரைக்குப் போடும் சிவப்பு கிரானைட் அப்படி இல்லை, அதில் பொட்டாசியம் அதிகம். உலகத்தில் எங்கே மிகப் பழைய கண்டத் துண்டு இருந்தாலும், கிரீன்லாந்தோ, கனடாவோ, மேற்கு ஆஸ்திரேலியாவோ, நம் தென்னாப்பிரிக்காவோ, அங்கே பெரும்பகுதி இந்தச் சோடியக் குடும்பம்தான். டோனலைட், ட்ராண்ட்ஹெமைட், கிரானோடையரைட் என்று மூன்று உறுப்பினர்கள். முதல் பெயர் ஆல்ப்ஸ் மலையின் டோனாலே கணவாயிலிருந்தும் இரண்டாவது நார்வேயின் ட்ராண்ட்ஹெய்ம் ஊரிலிருந்தும் வந்தவை. எங்கே போனாலும் ஒரே குடும்பம் என்றால், எல்லா இடத்திலும் ஒரே மாதிரிச் சமையல் நடந்திருக்க வேண்டும்.

அந்தச் சமையல் என்ன? நெய்ச் சட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோகன்னஸ்பர்க் குளிரில் நெய் கல்லாக உறைந்துவிடும். லேசான வெயிலில் வைத்தால் முழுவதும் ஒரேயடியாக உருகாது. முதலில் ஒரு பகுதி எண்ணெய்போலக் கசிந்து மேலே வரும், மணல்மணலாக ஒரு பகுதி அடியில் அப்படியே நிற்கும். மேலே வந்ததும் அடியில் நின்றதும் ஒரே நெய்தான், ஆனால் சேர்மானம் வேறு. பாறையும் அப்படியே. சீக்கிரம் உருகக்கூடியது முதலில் கசிந்து பிரிந்துவிடும். கவசப் பாறையில் சிலிக்கா ஏறக்குறைய 45 சதவீதம். அது கொஞ்சம் உருகிக் கசிந்தால் வருவது பசால்ட், சிலிக்கா 50 சதவீதம். பசால்ட் கொஞ்சம் உருகிக் கசிந்தால் வருவது டோனலைட் குடும்பம், சிலிக்கா 65 முதல் 70 சதவீதம் வரை. ஒவ்வொரு கசிவிலும் லேசாகிறது. கவசத்திலிருந்து நேரடியாக, ஒரே தாவலில், இவ்வளவு கிரானைட் வகைப் பாறையை உண்டாக்க முடியாது. அதனால்தான் பாலேட்டு உவமை கண்டத்துக்குப் பொருந்துவதில்லை. ஏடு படிவது ஒரே ஒரு படி, கண்டத்துக்குக் குறைந்தது இரண்டு படி.

ஆனால் காய்ந்த பசால்ட் சுலபத்தில் உருகாது, 1,100 டிகிரிக்கு மேல் வேண்டும். அப்படி உருகினாலும் டோனலைட் சரியாக வருவதில்லை. தண்ணீர் ஏறிய பசால்ட்டாக இருந்தால் 800 முதல் 1,000 டிகிரிக்குள் வேலை நடந்துவிடுகிறது. இதை ஆய்வகத்திலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். பசால்ட் துண்டைச் சின்ன உலோகக் குப்பியில் அடைத்து, அழுத்தி, சூடாக்கினால் டோனலைட் போன்ற திரவம் வருகிறது. தண்ணீர் என்றால் பாறைக்குள் குளம்போலத் தேங்கி நிற்கும் தண்ணீர் இல்லை. கடலடியில் கிடக்கும் சூடான பசால்ட்டுக்குள் கடல்நீர் விரிசல் வழியே இறங்கி, கனிமங்களின் கட்டமைப்புக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கிறது. எடையில் ஓரிரு சதவீதம்தான். ஆனால் அந்த ஓரிரு சதவீதம் இல்லாமல் கண்டமே இல்லை. மேலே தலையணைப் பாறையைப் பற்றிச் சொன்னது இதற்காகத்தான். கடல் முதலில் வந்தது, நிலம் பிறகு வந்தது. நாம் நிற்கும் தரையின் பழைய அடித்தளமே ஒரு காலத்தில் கடல்நீரைக் குடித்த பாறையிலிருந்து வடிந்தது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் நிறைந்துவிடுகிறது.

சரி, எவ்வளவு ஆழத்தில் உருகியது? இங்கேதான் துப்பறியும் வேலை. தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரைகளில் சிவப்பு மணல் பார்த்திருப்பீர்கள், அந்தச் சிவப்பு கார்னெட் என்ற கனிமம். பசால்ட்டை ஏறக்குறைய 40 கிலோமீட்டர் ஆழத்துக்கு அழுத்தினால் அதற்குள் கார்னெட் தாராளமாக விளையும். கார்னெட்டுக்கு ஒரு குணம் உண்டு. இட்டெர்பியம், இட்ரியம் போன்ற சில தனிமங்களைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், உருகிப் போகும் திரவத்துக்குக் கொடுக்காது. மறுபக்கம் ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமம் ஃபெல்ட்ஸ்பாரில் தங்கும். ஆழத்தில் ஃபெல்ட்ஸ்பார் கரைந்து மறைந்துவிடுவதால் ஸ்ட்ரான்ஷியம் முழுக்கத் திரவத்தோடு போய்விடும். ஆகவே ஒரு டோனலைட்டில் ஸ்ட்ரான்ஷியம் மிகுந்தும் இட்டெர்பியம் மிகக் குறைந்தும் இருந்தால், அது புறப்பட்ட இடத்தில் கார்னெட் இருந்தது, அதாவது மிக ஆழத்திலிருந்து வந்தது என்று சொல்லலாம். பார்பர்டனைச் சுற்றியுள்ள பல பாறைகளில் இந்தக் கைரேகை உண்டு. வீட்டை விட்டுப் போனவன் எதை எடுத்துப்போனான், எதை விட்டுப்போனான் என்று பார்த்து வீட்டின் நிலையை ஊகிப்பதுபோலத்தான் இது.

பல ஆண்டுகள் இந்தச் சாட்சியத்தை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். அப்புறம் குறுக்கு விசாரணை வந்தது. அதைப் புரிந்துகொள்ள நம் தாத்தாக்கள் வேலை பார்த்த சர்க்கரை ஆலைக்குள் போக வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பலில் சென்னையிலிருந்து டர்பன் வந்து இறங்கியவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் எந்தக் கரும்புக்காக வந்தார்களோ அந்தக் கரும்பு. சாற்றைக் காய்ச்சிக் கெட்டியாக்கும்போது ஒரு கட்டத்தில் சர்க்கரைப் படிகங்கள் விளையத் தொடங்கும். பானைக்குள் இருப்பது அப்போது முழுத் திரவமும் இல்லை, முழுக் கட்டியும் இல்லை. படிகமும் பாகும் கலந்த கூழ். அதைச் சுழற்றிப் பிரித்தால் ஒருபக்கம் சர்க்கரை, மறுபக்கம் கறுத்த மொலாசஸ். இரண்டும் ஒரே சாறுதான், ஆனால் எது எதோடு போனது என்பதில் பெரிய வித்தியாசம்.

பார்பர்டனின் தெற்கே உள்ள பழைய டோனலைட்டுகளையும், அதே காலத்தில் மேலே கக்கப்பட்ட எரிமலைப் பாறைகளையும் ஆஸ்கர் லோராங் தலைமையிலான குழு ஒன்று சேர்த்துவைத்துப் பார்த்தது. 2020-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அவர்கள் கண்டது இந்தச் சர்க்கரைப் பானைதான். பூமிக்குள் கொஞ்சம் மேலே, ஒரு பெரிய குழம்புத் தேக்கத்தில் ஃபெல்ட்ஸ்பாரும் ஹார்ன்பிளெண்டும் படிகமாக விளைந்து கூழாகிவிட்டன. கூழிலிருந்து பிழிந்து வெளியேறிய திரவத்தில் சிலிக்கா இன்னும் கூடுதல். அது மேலேறி, சில சமயம் எரிமலையாக வெடித்தது. மிஞ்சிய படிகக் குவியல் உள்ளேயே இறுகி நாம் பார்க்கும் டோனலைட் ஆனது. ஆக, கையில் எடுக்கும் பாறை, ஆழத்திலிருந்து புறப்பட்ட குழம்பின் நேர் நகல் இல்லை. ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் அங்கே சேர்ந்துபோனதாலும் ஸ்ட்ரான்ஷியம் அதிகம் தெரியலாம். ஸ்ட்ரான்ஷியம் எண்ணை மட்டும் பார்த்து ஆழத்தைச் சொல்லிவிட முடியாது.

இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது களத்தில் நடந்து பார்த்தவர்களின் ஆய்வு. உள்ளே இறுகியதையும் வெளியே கக்கியதையும் ஒரே இடத்தில் அக்கம்பக்கமாகப் பார்க்க உலகத்தில் வாய்ப்பான இடங்கள் மிகக் குறைவு. பார்பர்டனில் மடிப்புகள் சாய்ந்து கிடப்பதால் பல கிலோமீட்டர் ஆழத்தின் வெட்டுமுகம் படுத்த நிலையில் கிடைக்கிறது. நீங்கள் சாலையில் வண்டியில் போவதே கிட்டத்தட்ட பூமிக்குள் இறங்குவது மாதிரிதான்.

அடுத்த கேள்வி, ஈரப் பசால்ட் எப்படி அவ்வளவு கீழே போனது? இதில்தான் இரண்டு கட்சி. ஒரு கட்சி, இன்றைக்கு ஜப்பானுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடியில் நடப்பதுபோல அன்றும் கடலடித் தட்டு சரிந்து கீழே அமிழ்ந்தது என்கிறது. இன்னொரு கட்சி, அப்போது தட்டு அமிழ்வதே தொடங்கவில்லை, எரிமலைக் குழம்பு ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டிக் கொட்டிப் பசால்ட் மேடு 30, 40 கிலோமீட்டர் தடித்துவிட்டது, அடிப்பகுதி தன் கனத்திலும் கீழிருந்த சூட்டிலும் தானே உருகியது என்கிறது. பழைய குழம்பு அடுக்குகள் அப்படியே புதைந்து புதைந்து கீழே போயிருக்கும். உருகிய சாறு மேலே குமிழாக எழும்ப, கனத்த பசால்ட் குமிழ்களுக்கு இடையே தொங்கி இறங்கும். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியை மேலிருந்து பார்த்தால் வட்ட வட்டமான கிரானைட் குமிழ்களும் அவற்றுக்கு நடுவே பிழியப்பட்ட பச்சைப் பாறைப் பட்டைகளும் தெரியும், இரண்டாம் கட்சிக்கு வலுவான சான்று அது. 2017-இல் வந்த ஓர் ஆய்வு அந்தப் பகுதியின் பசால்ட்டையே எடுத்துக் கணக்குப் போட்டு, அமிழ்வு இல்லாமலே முதல் கண்டங்கள் உருவாகியிருக்க முடியும் என்று காட்டியது.

பார்பர்டன் அவ்வளவு எளிதில் ஒரு பக்கம் சாயாது. அதன் தெற்கு ஓரத்தில் கார்னெட் உள்ள சில பாறைகளை மொய்யன், ஸ்டீவன்ஸ், கிஸ்டர்ஸ் என்ற மூவரும் ஆராய்ந்து 2006-இல் எழுதினார்கள். அந்தப் பாறைகள் 12 முதல் 15 கிலோபார் அழுத்தத்துக்கு, அதாவது 40 கிலோமீட்டருக்கும் கீழே போயிருக்கின்றன, ஆனால் வெப்பம் 600, 650 டிகிரிதான். அன்றைய சூடான பூமிக்கு இது மிகக் குளிர்ந்த எண். குளிர்ந்த பாறை வேகமாகக் கீழே தள்ளப்பட்டால்தான் அப்படி இருக்கும். காலமும் பொருந்துகிறது, ஏறக்குறைய 323 கோடி ஆண்டு, காப் பள்ளத்தாக்கு டோனலைட் ஏறி வந்த அதே சமயம்.

என் கருத்தைக் கேட்டால், இரண்டும் நடந்தது. பார்பர்டன் கண்டம் ஒரே நாளில் எழுந்தது இல்லை. ஸ்டெய்ன்ஸ்டோர்ப் பக்கத்தில் 351 கோடியில் ஒரு தவணை, ஸ்டோல்ஸ்பர்க் பக்கத்தில் 345 கோடியில் ஒரு தவணை, அப்புறம் நீண்ட இடைவெளி, 323 கோடியில் இன்னொரு தவணை. முதல் இரண்டு தவணைகளும் தடித்த பசால்ட் மேட்டின் அடியில் வெந்தவை, மூன்றாவது இரண்டு துண்டுகள் மோதியபோது வந்தது என்றே எனக்குப் படுகிறது. பூமி ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாறிய காலம் அது. ஒரே முறைதான் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

இப்போது பையனின் இரண்டாவது கேள்வி, யார் எண்ணியது? எண்ணியது சிர்கான். ரிச்சர்ட்ஸ் பே பக்கம் கடற்கரை மணல்மேடுகளைச் சலித்து எடுக்கும் அதே சிர்கான்தான். பீங்கானுக்கும் டைல்ஸ் மெருகுக்கும் போகிறது. நம் மணவாளக்குறிச்சி மணலிலும் உண்டு. கிரானைட் வகைக் குழம்பு இறுகும்போது மயிரிழை அளவு சிர்கான் படிகங்கள் விளைகின்றன. விளையும்போது யுரேனியத்தைக் கொஞ்சம் உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஈயத்தைச் சேர்க்காது. பிறகு யுரேனியம் சிதைந்து சிதைந்து ஈயமாகிறது. யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு, யுரேனியம் 235 பாதியாகக் குறைய 70 கோடி ஆண்டு. இரண்டும் வெவ்வேறு ஈயமாக மாறுகின்றன. ஆக, ஒரே படிகத்துக்குள் இரண்டு கடிகாரங்கள், வெவ்வேறு வேகத்தில் ஓடுபவை. இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால் நம்பலாம். காட்டாவிட்டால் படிகம் நடுவில் எங்கோ அடிபட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். அயனிக் கற்றையைப் பாய்ச்சி, தலைமுடித் தடிமனில் பாதிகூட இல்லாத குழி தோண்டி, அந்தக் குழியிலிருந்து வரும் யுரேனியத்தையும் ஈயத்தையும் எண்ணுகிறார்கள். உண்மையிலேயே எண்ணுகிறார்கள், ஊகம் இல்லை என்று பையனிடம் சொல்லுங்கள்.

சிர்கான் இன்னொரு காரியமும் செய்யும். தாய்ப்பாறை தேய்ந்து அழிந்த பிறகும் தான் அழியாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் மலையில் 440 கோடி ஆண்டு வயதான சிர்கான் கிடைத்திருக்கிறது, அதைப் பெற்ற பாறை எங்கும் இல்லை. முழுப் பாறையாகக் கிடைத்தவற்றில் கனடாவின் அகாஸ்டா நைஸ் என்ற பாறைக்கு வயது 403 கோடி. பார்பர்டனிலும் பச்சை நிற மணற்கல் படுகை ஒன்றில் 410 கோடிக்கும் மேற்பட்ட சிர்கான்கள் கிடைத்தன. நாடியா டிராபன் குழு அவற்றை வரிசையாக ஆராய்ந்தபோது ஒரு திருப்பம் தெரிந்தது. 380 கோடி வரை விளைந்தவை எல்லாம் ஒரே பழைய மேலோட்டைத் திரும்பத் திரும்ப உருக்கி வந்தவைபோல் இருந்தன. 380 கோடிக்குப் பிறகு புதிய பொருளும் தண்ணீரும் கலந்த குழம்பின் அடையாளம் வருகிறது. அதாவது உங்கள் பாலேடு நிஜமாகவே இருந்திருக்கலாம் அக்கா. நீண்ட காலம் கலையாமல் கிடந்து, பிறகு உடைந்து கீழே கலந்துவிட்டது.

கடைசிப் படி ஒன்று பாக்கி. டோனலைட் வந்ததும் கண்டம் நிலைத்துவிடவில்லை. அது இன்னும் இளகியதுதான், உள்ளுக்குள் வெப்பம் அதிகம். ஏறக்குறைய 310 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த டோனலைட்டே மறுபடி உருகியது. அதிலிருந்து கசிந்ததுதான் பொட்டாசியம் மிகுந்த உண்மையான கிரானைட். பார்பர்டனைச் சுற்றி ம்புலூசி, ம்போம்பேலா பகுதிகளில் பெரும் விரிப்பாகக் கிடக்கிறது. கசிந்தபோது பொட்டாசியம், யுரேனியம், தோரியம் ஆகிய சூடு தரும் தனிமங்களையும் வாரி எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டது. அடுப்பை அடியிலிருந்து எடுத்து மாடியில் வைத்ததுபோல. மேலே வந்த சூடு ஆகாயத்துக்குப் போய்விடும், கீழ்ப்பகுதி ஆறி விறைத்துவிடும். காப்வால் என்று நாங்கள் அழைக்கும் இந்தக் கண்டத் துண்டு அதற்குப் பிறகு பெரிதாக உருக்குலையவே இல்லை. அதன் அடியில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தடிப்புக்குக் குளிர்ந்த அடிவேர் இறங்கியிருக்கிறது, கிம்பர்லியின் வைரங்கள் அந்த ஆழத்தில் விளைந்தவைதான். விட்வாட்டர்ஸ்ரான்ட் தங்க மணலும் இந்த விறைத்த மேடையின் மேல் படிந்ததால்தான் கலையாமல் கிடந்தது. ஜோகன்னஸ்பர்க் நகரமே அதனால் வந்தது.

உங்கள் சாட்ஸ்வொர்த் இந்த மேடையில் இல்லை. துகேலா ஆற்றுப் பக்கத்தில் காப்வாலின் தெற்கு விளிம்பு முடிகிறது. டர்பனுக்கு ஆழத்தில் இருப்பது 110 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்து அதோடு ஒட்டிய வேறு துண்டு. பிள்ளைகள் பார்பர்டனுக்கு வந்தபோது வழியில் எங்கோ இரண்டு கண்டங்களின் தையலைத் தாண்டித்தான் வந்திருக்கிறார்கள்.

அடுத்த முறை அழைத்து வந்தால் இப்படிச் செய்யுங்கள். மலைச் சாலையில் தலையணைப் பாறையையும் கோமாட்டியைட்டையும் காட்டிவிட்டு, பள்ளத்தாக்கில் ஏதாவது ஓடை வெட்டில் டோனலைட்டைக் காட்டுங்கள். உளுத்த மேல்தோல் பழுப்பாக இருக்கும், ஓடை கழுவிய பக்கத்தில் வெள்ளையும் கறுப்பும் பளிச்சென்று தெரியும், சிவப்பு இருக்காது. அங்கிருந்து வடக்கே ம்போம்பேலாவுக்கு முக்கால் மணி நேரம். ஊரை நெருங்கும்போது யானை முதுகுபோல உருண்ட கிரானைட் குன்றுகள் வரும். அதில் விரல்நகம் பெரிதுக்கு, சில இடங்களில் லேசான சிவப்பாக, ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் இருக்கும், அது பொட்டாசியம் வந்துவிட்டதற்கு அடையாளம். ஆளுக்கொரு உருப்பெருக்கிக் கண்ணாடி கொடுத்துவிடுங்கள். பாரம்பரியப் பகுதிக்குள் பாறையை உடைக்கக் கூடாது, பொறுக்கி எடுக்கவும் கூடாது, அதை முன்பே சொல்லிவிடுங்கள். அந்தப் பையன் வந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் அக்கா, விடுப்புப் போட்டுவிட்டு நானும் வந்து கூட நடக்கிறேன்.